நாற்பது பேருக்கு ஒரு வயிறு

இரண்டு வருடம் நான் நாற்பது பிள்ளைகளுக்காகக் காலை டிபன் சாப்பிட்டேன். சமைத்துப் போட்டேன் என்று சொல்லவில்லை. சாப்பிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம், எனக்கு அவசரமில்லை.

விண்முகடு அகாடமி என்று பெயர். நெடுஞ்சாலையை ஒட்டிக் கோழிப்பண்ணைகளுக்கு நடுவே எழுந்து நிற்கும் ஐந்து மாடி. மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் விடுதிப் பள்ளி. அங்கேதான் நானும் படித்தேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டை விட்டேன். ஜெயித்தவர்கள் படத்தை வாசலில் மாட்டுவார்கள். தோற்றவர்களை என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

கூப்பிட்டவர் தாளாளர் வரதராசு. நெற்றியில் பளிச்சென்று நாமம், சட்டைப் பையில் துளசி. பேச்சில் மட்டும் துளசி வாசம் கிடையாது.

"காலையில ஆறுல இருந்து பத்து வரைக்குந்தான் மூளை நல்லா ஓடும். அந்த நேரத்துல இவனுக தட்டைத் தூக்கிட்டு வரிசையில நிக்கறானுக. தின்னுட்டு வந்து தூங்கறானுக. திங்காம உக்கார வெச்சா வயித்தைப் புடிச்சுட்டு உக்கார்றானுக. சாப்பாடு பிரச்சனை இல்லை ரேணுகா, பசிதான் பிரச்சனை. பசிய மட்டும் எடுத்துட்டா?"

எடுத்துவிட முடியும் என்று காட்டியவன் கிஷோர். பள்ளிக்குக் கருவி விற்ற கம்பெனியின் பொறியாளன். ஒல்லியாக, எப்போதும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு இருப்பான். என் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, கழுத்தில் ஒரு பட்டையை ஒட்டிவிட்டு விளக்கினான்.

"வயித்துல இருந்து மூளைக்கு ஒரு நரம்பு போகுதுங்க்கா. 'போதும்'னு வயிறு சொல்றது அந்த வழியாத்தான். நீங்க சாப்பிடும்போது உங்க நரம்பு சொல்றதை இது புடிச்சுக்கும். பசங்க காதுக்குப் பின்னால ஒரு ஒட்டு இருக்கும். அது அவங்க வயிறு சொல்றதை மறிச்சுட்டு, உங்க வயிறு சொல்றதை மூளைக்கு அனுப்பும். நீங்க சாப்பிட்டா அவங்களுக்கு நெறைஞ்சிரும்."

"அவங்க வயித்துல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங்க்கா."

"உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?"

அவன் கருவியைப் பார்த்துக்கொண்டே, "மதியம் சாப்பிடுவாங்கல்லங்க்கா" என்றான்.

பொய் சொல்வானேன், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கண்ணாடி அறை, மேசை விரிப்பு, சுடச்சுட இட்லி. மூன்று முறை தோற்ற பெண்ணை வீட்டில் யாரும் இப்படி உட்கார வைத்துப் பரிமாறியதில்லை. நிதானமாகச் சாப்பிட வேண்டும், காரம் கூடாது, அழுதுகொண்டு சாப்பிடக் கூடாது, விரதம் எதுவும் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. என் அம்மா மட்டும் கடைசி நிபந்தனையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை மதியப் படையல் ஆகும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது.

பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் டிபன் அக்கா. என்னோடு பேசக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. பேசக் கூடாது என்று சொன்னால் பேசாமல் இருக்கிற வயசா அது? குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வருவார்கள். அப்படி வந்தவள்தான் மௌலிகா. பதினேழு வயது, இரட்டைச் சடை, கன்னத்தில் பரு, நிற்காத வாய்.

"அக்கா, இன்னைக்குப் பொங்கல்தானே?"

"எப்படிக் கண்டுபுடிச்சே?"

"அஞ்சாவது கணக்குலயே கண்ணு சொக்குது. நெய்யி அதிகமுங்களா?"

அதன்பிறகு அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. நிறைவு மட்டும்தான் அவர்களுக்குப் போகும், ருசி போகாது. அந்த வெறும் நிறைவை வைத்துக்கொண்டே அவள் சொல்லிவிடுவாள். இட்லி என்றால் லேசாக இருக்குமாம். பூரி என்றால் நெஞ்சு வரைக்கும் நிற்குமாம். ஒருநாள் நான் ராகிக் கூழ் குடித்ததையும் பிடித்துவிட்டாள். தினமும் காலை பத்து மணி இடைவேளையில் அந்தக் குரலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். "அக்கா, இன்னைக்கு என்ன டிபன்?"

இரண்டாம் வருடம் ஆரம்பித்தபோது அவளுடைய இரட்டைச் சடை ஒற்றைச் சடையானது. இரண்டாகப் பிரிக்க முடி போதவில்லை. தண்ணீர் பாட்டிலைப் பிடிக்கும்போது கை நடுங்கியது. விடைத்தாளில் வட்டத்தை நிரப்பினால் பேனா பக்கத்து வட்டத்துக்கு ஓடிவிடுகிறது என்றாள்.

"மதியம் நல்லா சாப்பிடறயா கண்ணு?"

"உங்க டிபனே இறங்க மாட்டேங்குதுங்க்கா. மணி ரெண்டு வரைக்கும் நெறைஞ்சே இருக்கு. சோத்தைப் பாத்தாலே கோவம் வருது. எல்லாத்தைப் பாத்தாலும் கோவம் வருது."

"அப்புறம் எப்பத்தான் சாப்பிடுவே?"

"படுக்கறப்ப வெறி புடிச்ச மாதிரி வரும். சிப்ஸ் பாக்கெட் ஒளிச்சு வெச்சிருக்கோம். கோலா குடிப்போம். அப்புறம் தூக்கம் வராது. காலையில எந்திரிக்க முடியாது. எந்திரிச்சா உங்க டிபன் வந்துரும்." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மூணு மாசமா தலைக்கு ஊத்தலைங்க்கா, மாசவிலக்கே நின்னுபோச்சு. அம்மாகிட்ட சொன்னா, பரீட்சைக்கு முன்னால அந்தத் தொல்லை இல்லாததும் நல்லதுதான்னு சொல்றாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று காலை நான் நான்கு தோசை சாப்பிட்டிருந்தேன்.

நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். அவர் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீ டாக்டரா?"

"இல்லீங்."

"ஆகணும்னு மூணு தடவை வந்தே. ஆனயா?"

பதிலுக்கு நிற்காமல் மேசைமேல் கிடந்த மதிப்பெண் பட்டியலைத் தட்டினார்.

"அந்தப் புள்ள போன தேர்வுல மொத பத்துக்குள்ள வந்திருக்குது. நீ எப்பவாச்சும் வந்திருக்கயா? வயசுப் புள்ளைக இளைக்கும், முடி கொட்டும், கோவப்படும். எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். காலையில சாப்பிடாம பள்ளிக்கூடம் போன புள்ளை ஊர்ல இல்லவே இல்லையா? நாங்களாச்சும் பசி தெரியாம பாத்துக்கறோம். உனக்குக் குடுத்திருக்கற வேலை திங்கறது. போயித் தின்னு."

வெளியே வரும்போது பின்னாலிருந்து ஒன்று சேர்த்துச் சொன்னார். "இன்னொரு தடவை அந்தப் புள்ளைகிட்டப் பேசறதைப் பாத்தேன்னா, ரெண்டு பேரும் வெளியே போயிருவீங்க."

மௌலிகாவின் அம்மாவிடமாவது பேசலாம் என்று நினைத்தேன். கவிதாமணி, வங்கியில் மேலாளர். மாதக் கூட்டத்துக்கு வந்தபோது மாடிப்படியில் மறித்துச் சொன்னேன். அந்தம்மா நான் பேசி முடிக்கும்வரை என் இடுப்பு பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற புள்ளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க தோத்துட்டீங்கன்னா எல்லாப் புள்ளைகளும் தோக்கணுமா?"

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேலே போய்விட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

புரட்டாசி வந்தது. விண்முகடு அகாடமியில் புரட்டாசி பெரிய திருவிழா. ஒவ்வொரு சனிக்கிழமையும் தாளாளர் விரதம் இருப்பார். மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, நாமம் போட்ட செம்பை ஏந்தி, "கோவிந்தா" என்று வாசலுக்கு வாசல் அரிசி வாங்குவார். மதியம் பெருமாளுக்குத் தளிகை போட்டு, அதன்பிறகுதான் சாப்பிடுவார். மூன்றாம் சனிக்கிழமை இன்னும் விசேஷம். பெற்றோர் எல்லாரும் வருவார்கள். தாளாளர் செம்பில் அவர்கள் அரிசி போடுவார்கள். அன்று காலையில் பெரிய மாதிரித் தேர்வும் உண்டு. பிள்ளைகள் எழுதுவதைப் பெற்றோர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், கோழிப்பண்ணைக்குப் போனால் கோழியைப் பார்க்கிற மாதிரி.

அன்று நான் தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு வந்தேன். பெல்ட்டைக் கட்டிக்கொண்டேன். பட்டையை ஒட்டிக்கொண்டேன். சமையல்காரர் கொண்டுவந்து வைத்த இட்லித் தட்டை மூடி வைத்தேன்.

கிஷோர் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கையாட்டினான். பிறகு உள்ளேயே வந்துவிட்டான். "அக்கா, சாப்பிடுங்க. தேர்வு ஆரம்பிக்கப் போகுது."

"இன்னைக்கு மூணாஞ்சனி. நான் விரதம்."

"அக்கா, விளையாடாதீங்க. உங்க பசி அவங்களுக்குப் போகும்."

"அணைச்சுப் போடு."

"அணைச்சா அவங்க பசியே வந்துரும்." அவனுக்கு வியர்த்துவிட்டது. "உங்க பசி ஒரு நாள் பசி. அவங்களோடது எத்தனை மாசத்துப் பசியோ."

"அப்ப என்னோடதே போகட்டும்" என்றேன்.

அவன் ஓடிப்போய்த் தாளாளரைக் கூட்டிக்கொண்டு வந்தான். செம்பும் கையுமாக வந்தார். பின்னாலேயே பெற்றோர் கூட்டம், மேளம், பட்டர். நான் எழுந்து நின்று கும்பிட்டு, என் நெற்றியை நன்றாகத் தெரியும்படி காட்டினேன்.

"எங்கூட்டு வழக்கமுங். தளிகை ஆகாம சாப்பிட மாட்டனுங். நீங்களும் விரதந்தானுங்களே."

அவர் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. விரதத்தைக் கலை என்று அத்தனை பேர் நடுவில், கோவிந்தா சொன்ன வாயால், எப்படிச் சொல்வார்? பட்டர் வேறு "ரொம்ப நல்லதும்மா" என்று என் பக்கம் தலையாட்டினார். தாளாளர் பல்லைக் கடித்துக்கொண்டு "கோவிந்தா" என்றார்.

நான் பசியை வரவிட்டேன். சமையல்கட்டு எனக்குப் பின்னால்தான். புளியோதரைக்குத் தாளிக்கிற வாசம் வந்தது. சர்க்கரைப் பொங்கலில் முந்திரி விழுகிற சத்தம் கேட்டது. மறுத்துவிட்டு உட்கார்ந்தால்தான் பசி சரியாகப் பேசும் என்று அம்மா சொல்லுவாள். அன்று அது வாய் ஓயாமல் பேசியது.

தேர்வுக்கூடத்தில் முதலில் ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். குடல்வால் வெடித்துவிட்டது என்று அழுதான். பக்கத்துப் பெண் தனக்கு மாரடைப்பு என்றாள். உயிரியலைத் தலைகீழாகச் சொல்லுகிற பிள்ளைகள், நாளைக்கு டாக்டராகப் போகிறவர்கள், அத்தனை பேரில் ஒருவருக்கும் அது பசி என்று தெரியவில்லை. மௌலிகாதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாளாம். "அக்கா இன்னைக்கு டிபன் சாப்பிடல."

அவ்வளவுதான். நாற்பது பேரும் எழுந்து வாசத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கதவருகில் நின்ற வார்டன் ஒதுங்கிக்கொண்டார். சமையல்கட்டில் பெருமாளுக்கென்று இலையில் எடுத்து வைத்திருந்த தளிகையில் கை வைத்தார்கள். புளியோதரை, பொங்கல், சுண்டல், வடை. கற்பூரம் காட்டவில்லை, மணி அடிக்கவில்லை, நைவேத்தியம் ஆகவில்லை. சாமி சாப்பிடுவதற்கு முன்னால் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பட்டர் காதைப் பொத்திக்கொண்டார். பெற்றோரில் பாதிப் பேர் பிள்ளைகளை இழுத்தார்கள், பாதிப் பேர் மாவிளக்கின் முன்னால் விழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் இவ்வளவு பசியோடா இருந்தார்கள் என்று கேட்க ஓர் ஆள் வாய் திறக்கவில்லை.

மௌலிகா இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய் போகவில்லை. அப்படியே குனிந்து, உள்ளே போனதையெல்லாம் வெளியே எடுத்தாள். அவளுடைய அம்மா ஓடிவந்து மகளைத் தாங்கவில்லை. என்னிடம் வந்து கன்னத்தில் அறைந்தார்.

"உனக்குத் திங்கத்தானே சம்பளம் தர்றாங்க? திங்க மாட்டயா? ஒரு பரீட்சை போச்சே, என்ற புள்ள வாழ்க்கையே போச்சே."

என்னை அந்தக் கண்ணாடி அறையிலேயே பூட்டி வைத்தார்கள். போலீஸைக் கூப்பிடுவதா, துரத்துவதா என்று வெளியே சத்தம் நடந்தது. புதிதாகச் சமைத்து, பரிகாரம் செய்து, இரண்டாம் தளிகை போட்டு முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. சமையல்காரர் யாருக்கும் தெரியாமல் கதவு இடுக்கில் ஓர் இலையைத் தள்ளினார். புளியோதரையும் வடையும். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். கன்னம் காந்தியது, மனசு நிறைந்திருந்தது. அப்படி ஒரு சாப்பாடு நான் பிறந்ததிலிருந்து சாப்பிட்டதில்லை. பெல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, பிறருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிஷோர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று மாலையே என்னை வெளியே அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று எழுந்தது. விண்முகடு அகாடமியின் புதிய கண்டுபிடிப்பு, 'பிரசாதம்'. இனி ஆள் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை. ஒரு முறை பதிவு செய்த நிறைவு, காலம் முழுக்க வரும். வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம், விடுமுறையிலும் பசிக்காது.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு கிஷோருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"அது என்னோட சாப்பாடா?"

"அக்கா, அந்த மாதிரி ஒரு பதிவு எங்ககிட்ட இருந்ததே இல்லைங்க்கா." அழுகிற குரலில் சொன்னான். "தினமும் சாப்பிட்டுட்டு இருந்தவங்க நீங்க, அன்னைக்குத்தான் நெஜமாவே பசிச்சுச் சாப்பிட்டீங்க. திரையில கோடு உச்சியில போயி முட்டிருச்சு. தாளாளர் பாத்துட்டாரு."

யாருடைய பட்டினியை நிறுத்த நான் பட்டினி கிடந்தேனோ, அவர்களுடைய பட்டினிக்கே என் பட்டினி முடிந்த நிறைவைப் பதிவு போட்டு விற்றுவிட்டார்கள். ஊர் ஊராகப் போனது. எத்தனை பள்ளி, எத்தனை வீடு, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு காலையும் அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் என் புளியோதரை இறங்கிக்கொண்டிருந்தது. நான் போனைத் தரையில் அடித்து உடைத்தேன்.

பங்குனியில் ஒரு காலை, நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த துணிக்கடைக்கு ஒரு டாக்டர் தேடிவந்தார். அஸ்மா என்று பெயர் சொன்னார். அரசு மருத்துவமனைப் பிள்ளைகள் பிரிவு.

"மௌலிகான்னு ஒரு பொண்ணு. உங்களைத் தெரியும்னு சொல்றா."

"எப்படி இருக்கா?"

"மூக்கு வழியா குழாய் போட்டு ஊத்திட்டு இருக்கோம். நல்லா இருக்கான்னு எப்படிச் சொல்ல?" டாக்டருக்கும் கோபம்தான், யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம். "காதுக்குப் பின்னால இருந்ததை எடுத்துட்டோம். எடுத்து ஒரு வாரம் ஆச்சு. ஆனாலும் அவளுக்கு நெறைஞ்சே இருக்கு. வாய்ல வெச்சா துப்பிடறா. நடிக்கலை, நெஜமாவே அவளுக்கு இடம் இல்லை."

"எடுத்தப்புறம் எப்படிங்க?"

"முன்னால நீங்க தினமும் வேற வேற சாப்பிட்டீங்க. ஒருநாள் இட்லி, ஒருநாள் பொங்கல். மூளையால அதை மனப்பாடம் பண்ண முடியாது. இந்தப் பதிவு தினமும் ஒரே மாதிரி, ஒரு புள்ளி மாறாம. படிக்கிற பொண்ணில்லையா? மனப்பாடம் பண்ணிட்டா. இப்ப ஒட்டே வேண்டாம், அதுவா ஓடுது."

துணிக்கடையின் மற்றப் பெண்கள் மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அதை அழிக்கணும்னா மேல வேற ஒண்ணை எழுதணும். அவளுக்குப் பசி அனுப்பணும். அந்த நிறைவு யாரோடதோ அவங்க பசியா இருந்தா உடம்பு ஏத்துக்க வாய்ப்பிருக்கு. உறுதியாச் சொல்ல மாட்டேன். நீங்க கொஞ்சம் பட்டினி இருக்க முடியுமா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

மருத்துவமனை வராந்தாவில் கவிதாமணி நின்றார். வங்கி மேலாளர் மிடுக்கெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கும்பிடக் கை எடுத்தார். என்னால் பேசாமல் போக முடியவில்லை.

"அன்னைக்குத் திங்க மாட்டயான்னு அடிச்சீங். இன்னைக்குத் திங்காதேன்னு கூப்பிட்டிருக்கீங்."

"அடிங்க" என்றார் அந்தம்மா. "நீங்களும் ஒண்ணு அடிங்க. ஆனா வந்துட்டு மட்டும் போயிராதீங்க."

அடித்திருப்பேன். கை எழவில்லை, அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

கிஷோர் பெல்ட்டோடு வந்திருந்தான், வேலையை விட்டுவிட்டானாம். அவனிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கட்டிவிட்டான், நான் கட்டிக்கொண்டேன். மௌலிகாவின் காதுக்குப் பின்னால் ஒட்டை ஒட்டும்போது அவள் கண்ணைத் திறக்கவில்லை. அந்த இரட்டைச் சடைக்காரி படுக்கையில் இருக்கிறாளா, போர்வை மட்டும் கிடக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. தாடை எலும்பு தெரிந்தது. பரு எல்லாம் காய்ந்து, முகம் யாரோ ஒரு கிழவியுடையது மாதிரி ஆகிவிட்டிருந்தது. பக்கத்தில் அலமாரிமேல் உயிரியல் புத்தகம். அதை யார் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அடித்தே இருப்பேன்.

அன்று முழுதும் நான் தண்ணீர் மட்டும் குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் அஸ்மா வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தலை கனத்தது. காரணமே இல்லாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். நர்ஸ் கதவைச் சத்தமாகச் சாத்தியதற்குத் திட்டினேன். அப்போதுதான் குழாயடியில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லாத்தைப் பாத்தாலும் கோவம் வருது. அவள் வருடக்கணக்கில் இதற்குள்தான் உட்கார்ந்து வட்டங்களை நிரப்பியிருக்கிறாள். வித்தியாசம் ஒன்றுதான், எனக்கு இது பசி என்று தெரிந்தது.

கவிதாமணி கீழே கேன்டீனுக்குப் போய் டிபன் வாங்கி வந்தார். இரண்டு பொட்டலம். ஒன்று மகளுக்கு, ஒன்று எனக்கு. பழக்க தோஷம். வாழையிலையைப் பிரித்ததும் இட்லியின் ஆவியும் தேங்காய்ச் சட்னி வாசமும் அறை முழுக்கப் பரவின. என் வயிறு ஓலம் போட்டது. நான் அடக்கவில்லை. போ என்று அனுப்பினேன். போய் அவளை எழுப்பு என்று மனசுக்குள் கத்தினேன்.

மௌலிகா புருவத்தைச் சுருக்கினாள். எதையோ தவறவிட்டவள் மாதிரி கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, என்னைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். குழாய்க்கு நடுவே குரல் தேய்ந்து வந்தது. "இன்னைக்கு இன்னும் டிபன் சாப்பிடலீங்ளா?"

கவிதாமணி வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் அஸ்மா கண்ணைக் காட்டினார், கொடுங்கள் என்று. கவிதாமணி விரல் நுனியால் இட்லியை விண்டு, சட்னியில் தொட்டு, மகளின் உதட்டருகே கொண்டுபோனார். மௌலிகா துப்பவில்லை. நெடுநேரம் மென்றாள். விழுங்கினாள்.

பிறகு அந்தம்மா பாதி எழுந்து, அடுத்த பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "நீங்களும் ஒரு வாய்..."

"அறிவிருக்குதுங்களா? நான் ஒரு வாய் தின்னா அவளுக்கு நெறைஞ்சிரும்" என்றேன்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெடுக்கென்று என் பங்கு இட்லியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஒரு கையால் அதை மறைத்தபடியே இன்னொரு கையால் மகளுக்கு ஊட்டினார்.

மௌலிகா மூன்றாவது வாய்க்கு வாயைத் திறந்தாள். எனக்குப் பசித்துக்கொண்டே இருந்தது.